பாஸ் பெயரில் நான்கு பதில்கள்

— கையக் காட்டணுமா, மறைக்கணுமா? அத மொதல்ல சொல்லு புள்ள. அதுக்குத் தக்கன உக்காருறேன்.

— மறைக்க வேணாம் அக்கா. முழுசாவும் காட்ட வேணாம். இந்தத் துண்ட மடியில போட்டுக்குங்க. கட்டு லேசா தெரிஞ்சா போதும்.

— லேசான்னா எத்தன விரலு?

— அக்கா...

— சும்மா கேட்டேன் லா. மொகத்த ஏன் அப்படி வச்சிருக்க? வந்து அரை மணி நேரமாச்சி, என் மூஞ்சியத் தவிர எல்லாத்தையும் பாத்துட்ட. காலண்டரு, சாமி படம், மீன் தொட்டி.

— வெளிச்சம் எங்கேருந்து வருதுன்னு பாத்தேன். வீடியோவுக்கு அதான் முக்கியம்.

— காப்பார்ல வெயிலுக்கு என்னா பஞ்சம்? அந்த ஜன்னலத் தெற, வந்து கொட்டும். கூடையில என்னா கொண்டாந்திருக்க?

— ஹேம்பர் அக்கா. தீபாவளிக்குக் கம்பெனி குடுத்தது.

— பிரி, பாப்போம். முறுக்கு. ஓமப்பொடி. அடியில திரும்பவும் முறுக்கு. அதான பாத்தேன். இருவத்திரண்டு வருசமா நான் பொரிச்சி எடுத்தத எனக்கே ரிப்பன் கட்டி அனுப்பிருக்காங்க.

— பிஸ்கட் டின்னும் இருக்கு அக்கா.

— இருக்கட்டும், மீனுக்குப் போடுவோம். இந்தா சீப்பு. வந்ததே வந்த, இந்தத் தலைய வாரி வுட்டுரு. தாமரைக்குக் காலையில கிள்ளான் கிளினிக்குல ஏழு மணி ஷிஃப்ட்டு. அம்மா, சாயந்தரம் வந்து பின்னி வுடறேன்னுட்டு ஓடிட்டா. ஒத்தக் கையில சோறு திங்கலாம், துணி மடிக்கலாம், ஜடை மட்டும் போட முடியாது புள்ள. நானும் பாத்துட்டேன்.

— நான்... எனக்கு அவ்வளவு நல்லா வராது அக்கா.

— ஒனக்கு அம்மா இல்லையா? அவங்களுக்குப் பின்னி வுட்டதில்லையா? பின்னாடி வந்து ஒக்காரு. எண்ணெய் அந்த அலமாரியில இருக்கு. கொஞ்சமா வையி. எண்ணெய்னாலே இப்ப ஒடம்பு ஒரு தடவ ஒதறுது.

— வலிச்சா சொல்லுங்க.

— தலையா வலிக்கப் போவுது? வாரு. வாரிக்கிட்டே சொல்லு, இன்னிக்கு நான் என்னா பேசணும்?

— எழுதிக் குடுத்திருக்காங்க. படிக்கட்டுமா? "என் பேரு சீதாலெட்சுமி. இருவத்திரண்டு வருசமா நான் இந்தக் குடும்பத்துல ஒருத்தி. என்னோட கவனக்குறைவால எனக்கு ஒரு விபத்து நடந்துச்சி. ஆனா கம்பெனி என்னக் கைவிடல."

— நில்லு. மூனாவது வரிய இன்னொரு தடவ படி.

— "என்னோட கவனக்குறைவால."

— இது யாரு எழுதுனது?

— மிஸ்டர் ஜெயராஜ். மார்க்கெட்டிங் மேனேஜர். நான் எழுதல அக்கா. இது மட்டும் நான் எழுதல.

— இது மட்டுமா?

— ஜடை ஒன்னா, ரெண்டா அக்கா?

— அம்பத்தி மூனு வயசுல ரெட்டை ஜடையா? ஒன்னு போடு. தாமர சொல்லிட்டுத்தான் போனா. திங்கக்கிழம தொழில் பாதுகாப்பு ஆபீசுலேருந்து அதிகாரி வர்றாரு, கம்பெனி ரிப்போர்ட்டுல ஒன் செருப்பு சரியில்லன்னு போட்டிருக்கு, இந்த நேரத்துல நீ வாயத் தொறந்து கவனக்குறைவுன்னு சொன்னீன்னா அதோட முடிஞ்சிதுன்னா. அந்த வார்த்த வெளிய போனா அதிகாரி என்ன கேக்கவே மாட்டாரு, வீடியோவப் பாத்து எழுதிட்டுப் போயிருவாரு. சரிதான?

— சரிதான் அக்கா.

— ஆனா சொன்னா பேக்கிங்ல ஒக்காந்து பாக்குற வேல தருவாங்களாம். சுப்பர்வைசர் போன்ல சொன்னாரு. சொல்லலன்னா, இந்தக் கைய வச்சிக்கிட்டு என்னா வேலன்னு தெரியலையாம். அதையும் அவருதான் சொன்னாரு. ரொம்ப மரியாதையா.

— உங்க வீடியோ இல்லாம அவங்களால முடியல அக்கா. அதான். நீங்க விழுந்த நாளுலேருந்து ஒருத்தரும் கம்பெனி போஸ்ட்ட ஷேர் பண்றதில்ல.

— ஒருத்தருமா?

— நூத்தி நாப்பது பேரு. ஆறு வாரமா ஒரு லைக் கெடயாது. தீபாவளி விளம்பரம் போட்டோம், நான் போட்ட லைக், எங்க ஆபீஸ் ஏமி போட்ட லைக், அவ்வளவுதான். கேண்டீன் கதவுல ஒட்டுற பட்டியல் இருக்குல்ல, யார் யார் எத்தன ஷேர் பண்ணாங்கன்னு? எல்லார் பேருக்கு நேராவும் சைபர். ஜெயராஜ் கேண்டீன்ல நின்னு கத்தினாரு. ஷேர் பண்ணா பரிசு, ரைஸ் குக்கர் வேணாமா, ஃபேன் வேணாமான்னு. யாரும் தலையத் தூக்கல. மீ ஹூனத் தின்னுக்கிட்டே இருந்தாங்க.

— வங்காளதேசத்துலேருந்து வேலைக்கு வந்த பசங்களுமா?

— அவங்களும்தான்.

— அடப் பாவிகளா. அந்தப் பசங்க போன நான் புடுங்கிப் புடுங்கி இல்ல ஷேர் அழுத்துவேன். "கம்பெனி நம்மளது, அழுத்துடா"ன்னு. மொத பரிசு வாங்குன ரைஸ் குக்கர்லதான் இப்பவும் சோறு வேகுது, போய்ப் பாரு.

— தெரியும் அக்கா. நீங்க இல்லாம அது ஓடவே ஓடாது. மீட்டிங்ல அப்படித்தான் சொன்னாங்க. சீதாலெட்சுமி சிரிச்சா பாக்டரியே சிரிக்கும்னு.

— என் மொகம் நேத்து இந்த ரோட்டுல போச்சி.

— எது?

— நம்ம லோரிதான். பக்கவாட்டுல இம்மாம் பெருசா என் மூஞ்சி, வாயெல்லாம் பல்லு. "நம்ம குடும்பம், நம்ம ருசி." நான் இங்க கேட்டுல நின்னு கைக்கு மருந்து போட்டுக்கிட்டு இருக்கேன், அது என்னப் பாத்துச் சிரிச்சிக்கிட்டே மேரு பக்கம் போவுது. பக்கத்து வூட்டுப் பொம்பள கை ஆட்டுறா. எனக்கா, லோரிக்கான்னு தெரியல.

— எடுத்துரச் சொல்றேன் அக்கா.

— அந்தச் சிரிப்ப நான் எப்பச் சிரிச்சேன், சொல்லு.

— இந்தச் சிக்க எடுத்துர்றேன் அக்கா.

— இழுக்காத புள்ள, முடி வலிக்குது.

— சாரி அக்கா. சாரி.

— எப்பச் சிரிச்சேன்?

— ஜூலையில. நான் வீடியோ எடுக்க உள்ள வந்தப்போ.

— வந்தப்போ?

— ரெண்டாவது எண்ணெய்ச் சட்டிகிட்ட எனக்குக் கால் வழுக்கிச்சி. தரையெல்லாம் எண்ணெய். நீங்க என் இடுப்பச் சுத்திப் புடிச்சிட்டீங்க.

— போன ஒசரமாத் தூக்கிக்கிட்டு, காலு ரெண்டும் ரெண்டு பக்கம் போயி, தவள மாரி நின்ன. அதப் பாத்துட்டுச் சிரிச்சேன். போன வுடாம புடிச்சியே, அதுக்கு இன்னும் சிரிச்சேன். அந்தச் சிரிப்பத்தான் லோரியில போட்டிருக்கீங்க.

— வழுக்குனத மட்டும் வெட்டிட்டேன்.

— அதான பாத்தேன்.

— போன் அடிக்குது. ஜெயராஜ்தான். என் கை ரெண்டும் எண்ணெய். அக்கா, அந்தப் பச்சைய அழுத்துறீங்களா? பக்கத்துல ஸ்பீக்கர்னு இருக்கும், அதையும்.

— இந்தா. பேசு.

— சமந்தா, எங்க லா நீ? முடிஞ்சிச்சா?

— இன்னும் ஆரம்பிக்கல மிஸ்டர் ஜெயராஜ்.

— வாட்? மணி பதினொன்னு. இங்க பாரு, சிம்பிளா சொல்றேன். ரெண்டு நிமிசம், மூனு பாயின்ட். ஒன்னு, தப்பு என்னோடது. ரெண்டு, கம்பெனி கைவிடல. மூனு, எல்லாரும் ஷேர் பண்ணுங்க. அழுதாங்கன்னா நல்லது. நீயா அழ வைக்காத, அது தெரிஞ்சிரும். ஓகே?

— மிஸ்டர் ஜெயராஜ், நான் இப்ப...

— கேளு மொதல்ல. பாஸோட கமென்ட்ட இப்பவே எழுதி வச்சிரு. வீடியோ ஏறி அஞ்சு நிமிசத்துல அது கீழ வந்து நிக்கணும். "அக்கா, உங்களைப் பார்த்ததும் என் கண் கலங்கிவிட்டது," அந்த மாதிரி. தமிழ்லயே போடு. நீ பாஸா எழுதுனா ஜனம் உருகிருது, ஒனக்கு அந்தக் கை இருக்கு. பாஸ் பினாங்குல கோல்ஃப்ல இருக்காரு, அவரக் கேட்டுக்கிட்டு நிக்காத.

— ஸ்பீக்கர்ல இருக்கீங்க.

— என்னா?

— ஸ்பீக்கர்ல இருக்கீங்க மிஸ்டர் ஜெயராஜ். அக்கா பக்கத்துலதான் இருக்காங்க.

— ஓ. அக்கா! சுகமா? நல்லா இருக்கீங்களா? சீக்கிரம் சரியாயிரும், ஒன்னும் யோசிக்காதீங்க. சமந்தா, அப்பறம் கூப்புடு.

— வச்சிட்டாரா?

— வச்சிட்டாரு.

— நல்லா இருக்கீங்களான்னு கேட்டாரு, பதிலு சொல்றதுக்குள்ள வச்சிட்டாரு.

— அக்கா, அவரு சொன்னது... உங்களுக்குக் கேட்டுச்சா?

— கைதான் வெந்துச்சி. காது நல்லாத்தான் இருக்கு.

— நான் ஒன்னு சொல்லணும். நீங்க திரும்பாதீங்க. இப்படியே இருங்க. மொகத்தப் பாத்தா என்னால சொல்ல முடியாது.

— ஜடை முடியட்டும், திரும்ப மாட்டேன். சொல்லு.

— பாஸ் பக்கம்னு ஒன்னு இருக்குல்ல, அவரு படம் போட்டு. அத அவரு தொடுறதே இல்ல. தொடங்குன அன்னிக்கே பாஸ்வேர்ட என்கிட்டக் குடுத்துட்டாரு. "தலைவருங்க பேசுனாத்தான் ஆளுங்களும் பேசுவாங்கன்னு கோர்ஸ்ல சொல்லிக்குடுத்தாங்க, யூ ஹேண்டில் லா சமந்தா"ன்னு. ரெண்டு வருசமா அதுல வர்றது எல்லாம் நான்தான்.

— அவங்க அப்பா ரயில்வேயில வேல பாத்து, ஒரே டிபன் கேரியர்ல ஆறு புள்ளைங்களுக்குச் சோறு போட்டாருன்னு ஒன்னு வந்துச்சே?

— அது எங்க தாத்தா. பாஸோட அப்பா டாக்டரு.

— நான் அதப் படிச்சிட்டு அழுதேன் புள்ள.

— தெரியும். அழுவுற மொகத்த மூனு போட்டிருந்தீங்க. எண்ணிப் பாத்துச் சந்தோசப்பட்டேன்.

— அப்பறம்?

— நீங்க எண்ணெய் ஒழுகுதுன்னு அந்தப் பக்கத்துக்கு நாலு தடவ மெசேஜ் போட்டீங்க.

— போட்டேன்.

— நாலுக்கும் பதில் வந்துச்சி.

— பாஸ் பேருல வந்துச்சி. "உங்கள் குரல் எங்களுக்கு முக்கியம். நான் நேரில் கவனிக்கிறேன். லியனார்ட்."

— நாலும் நான் எழுதுனது அக்கா.

— ம்.

— திட்டுங்க அக்கா.

— ஜடைய வுட்டுறாத, அவுந்துரும். மொத தடவ எழுதுனப்ப என்னா பண்ண?

— ஜெயராஜ்கிட்டப் போயிச் சொன்னேன். சத்தியமா சொன்னேன். "அது மெயின்டனன்ஸ் வேல, நம்ம வேல சந்தோசத்தக் காட்டுறது"ன்னாரு. சட்டிய ரிப்பேர் பண்ணணும்னா லைன ரெண்டு நாளு நிறுத்தணும், தீபாவளி ஆர்டர் வேற இருக்குன்னாரு. சரின்னு வந்துட்டேன்.

— ரெண்டாவது தடவ?

— யாருகிட்டயும் சொல்லல. மொதப் பதிலையே எடுத்து ரெண்டு வார்த்தைய மாத்திப் போட்டேன். ஒரு மணி நேரத்துக்குள்ள பதில் போட்டா பக்கத்துல ஒரு அடையாளம் வரும், "உடனே பதில் தருபவர்"னு. அது போயிறக் கூடாதுன்னு போட்டேன்.

— மூனாவது?

— அதக் கேக்காதீங்க.

— கேக்கணும் புள்ள. ஆறு வாரமா தூக்கம் வராம மோட்டுவளையப் பாத்துக்கிட்டு இந்த நாலையுந்தான் எண்ணிக்கிட்டு கெடக்கேன். மூனாவது?

— பக்கத்து மேசை ஏமிக்கு வாய்விட்டுப் படிச்சிக் காட்டினேன். "பாத்தியா, ஆளுங்க பாஸ்கிட்ட எவ்வளவு நெருக்கமாயிட்டாங்க"ன்னு. பெருமையா அக்கா. நீங்க என்னா எழுதியிருந்தீங்கன்னு கூட எனக்குப் படல. எழுதியிருக்கீங்கன்றது மட்டுந்தான் பட்டுச்சி.

— நாலாவது நான் எழுதுனது ஒரு வியாழக்கெழம. மத்தியானம், சாப்பாட்டு நேரம். என்னா எழுதுனேன், ஞாபகம் இருக்கா?

— "அன்னைக்கு வழுக்கின அதே இடம். இப்போது இன்னும் மோசம். வாளி வைத்தோம், வாளியும் நிரம்பிவிட்டது. யாராவது விழுந்துவிடுவார்கள். தயவுசெய்து சொல்லவும்."

— அச்சரம் பெசகாம சொல்ற.

— எனக்கு இப்ப வேற ஒன்னும் ஞாபகத்துல நிக்கல அக்கா.

— அப்ப எங்க இருந்த?

— பிரிக்ஃபீல்ட்ஸ்ல. வாழையிலச் சாப்பாட்டுக் கடையில.

— யாரோட?

— பாஸோட. ஜெயராஜும் இருந்தாரு. நம்ம ஆளுங்க ஷேர் பண்றதப் பாத்துட்டு வெளிய ஏதோ சங்கத்துல நமக்கு ஒரு பரிசு குடுத்திருந்தாங்க. அதுக்காகக் கூட்டிட்டுப் போனாரு. பாஸ் எனக்கு நேரா எதிர்ல. கையெட்டுற தூரம். ரசத்தக் கையில வாங்கி உறிஞ்சிக்கிட்டே என்னப் புகழ்ந்துக்கிட்டு இருந்தாரு. "இந்தப் பொண்ணு வந்த பெறகுதான் என் ஆளுங்க என்கிட்டப் பேசுறாங்க"ன்னு. அப்பத்தான் உங்க மெசேஜ் வந்துச்சி.

— எதிர்லயே ஒக்காந்திருந்தாரா?

— எதிர்லயே. நான் மேசைக்குக் கீழ போன வச்சிக்கிட்டு, அவரா இருந்து உங்களுக்குப் பதில் போட்டேன். ஒரு வார்த்த அக்கா. "பாஸ், ரெண்டாவது சட்டி ஒழுகுது." அவ்வளவுதான் சொல்லியிருக்கணும். அவரு கெட்டவரு இல்ல. சொல்லியிருந்தா அங்கேருந்தே போன் போட்டிருப்பாரு. எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் சொல்லல.

— ஏன் புள்ள?

— அந்தப் பேச்ச நிறுத்த மனசு வரல.

— ம்.

— மறுநாளு வெள்ளிக்கெழம. பத்தரைக்கு நீங்க விழுந்துட்டீங்க.

— பத்து இருவது. சட்டி விளிம்பப் புடிச்சேன். வேற எதுவும் புடிக்க இல்ல அங்க. ஒன்னப் புடிச்ச மாரி என்னப் புடிக்க ஆளில்ல.

— அக்கா...

— அழுவாத. ஜடையில வுழுவுது. தலைக்குக் குளிச்சே நாலு நாளாச்சி, நீ வேற ஈரம் பண்ணாத.

— சிரிக்க வைக்காதீங்க அக்கா, தாங்க முடியல.

— ரப்பர் பேண்டு என் மணிக்கட்டுல இருக்கு பாரு, கழட்டி மாட்டு. ம். முடிஞ்சிச்சா? திரும்பலாமா?

— இருங்க. இன்னும் ஒன்னு இருக்கு. அந்த ஜூலை வீடியோ, வெட்டாத முழு வீடியோ, என்கிட்ட இருக்கு. அழிக்கச் சொன்னாங்க, அழிச்சிட்டேன்னு சொன்னேன். அழிக்கல. நான் வழுக்குறது, தரையில எண்ணெய் மினுங்குறது, சட்டிக்கு அடியிலேருந்து சொட்டுறது, எல்லாம் இருக்கு. உங்க காலும் தெரியுது. கம்பெனி குடுத்த ரப்பர் பூட்ஸ்தான் போட்டிருக்கீங்க. தேதியும் இருக்கு.

— நான் வுழுறதுக்கு ரெண்டு மாசம் முந்தின தேதி.

— ஆமா. அதையும் நாலு மெசேஜ் படத்தையும் தாமரைக்கு அனுப்புறேன். திங்கக்கிழம அதிகாரிகிட்டக் காட்டச் சொல்லுங்க.

— வேல போயிரும் ஒனக்கு.

— தெரியும்.

— தெரியாது புள்ள. வேல போறதுன்னா என்னான்னு ஒனக்குத் தெரியாது. காலையில எழுந்து எங்க போறதுன்னு இல்லாம ஒக்காந்து பாரு, அப்பத் தெரியும். ஆறு வாரமா எனக்குத் தெரியுது. யோசிச்சிக்க.

— யோசிச்சிட்டுத்தான் வந்தேன். வண்டியில வரும்போது திருப்பிக்கிட்டுப் போயிரலாம்னும் யோசிச்சேன். மேரு சிக்னல்ல மூனு பச்சைக்கு நின்னேன். பின்னாடி லோரிக்காரன் ஹாரன் அடிச்சிக் கெட்ட வார்த்த சொன்னான்.

— என் மூஞ்சி போட்ட லோரியா?

— இல்ல அக்கா. அது கோழி லோரி.

— யாரு பேருல அனுப்புவ?

— என் பேருல. எனக்கு வேற யாரு பேரு இருக்கு?

— அந்தக் கேண்டீன் பட்டியல்ல நூத்தி நாப்பது பேரு இருந்துச்சி. கழுவுறவங்க, மூட்ட தூக்குறவங்க, கேட்டுக்காரரு, எல்லாரும். ஒன் பேரு மட்டும் இருந்ததில்ல. நான் தேடிப் பாத்திருக்கேன்.

— நான் அட்மின் அக்கா. நான் என் பேருல ஒன்னும் போட்டதில்ல.

— இப்பப் போடு.

— தாமரை நம்பர் சொல்லுங்க... போவுது. வீடியோ பெருசு, சுத்திக்கிட்டே இருக்கு. போயிருச்சி. ரெண்டு டிக்.

— எழுதி அனுப்பு. சும்மா படம் மட்டும் அனுப்பாத.

— "தாமரை, நான் சமந்தா. இது ஜூலையில் நான் எடுத்த வீடியோ. உங்கள் அம்மா அனுப்பிய செய்திகளுக்குப் பாஸ் பெயரில் பதில் போட்டது நான். அதிகாரி கேட்டால் நான் நேரில் வந்து சொல்கிறேன்." சரியா அக்கா?

— சரி. அந்த மூனு கால் கம்பத்த மடக்கு. இன்னிக்கு வீடியோ இல்ல. நான் இப்பத் திரும்புறேன்.

— ம்.

— என்னா, இவ்வளவு செவந்து போச்சி மூஞ்சி. முந்தானையில தொடச்சிக்க... ஒனக்கு முந்தான ஏது. இந்தத் துண்ட எடுத்துக்க, இனி மறைக்கறதுக்கு வேல இல்லையே.

— நீங்க என்னத் திட்டவே இல்ல அக்கா.

— திட்டுனா ஒனக்குக் கொறையும். எனக்கு ஒன்னும் கொறையாது.

— ஒன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிடறேன். நீங்க பாஸ்கிட்டக் கேட்டீங்க. ஒரு முதலாளிகிட்ட நேரா கேட்டுட்டோம், அவரே பாத்துக்கறேன்னுட்டாருன்னு நம்பி, யூனியன்காரங்ககிட்டயும் போவாம இருந்தீங்க. நான் நடுவுல நின்னு அத அவரு காதுக்குப் போவ விடல. அவரு மாதிரி பேசி உங்கள ஏமாத்திட்டேன். அதான் என் தப்பு. அத நான் எங்க வேணும்னாலும் சொல்றேன்.

— போன தீபாவளிக்கு பாக்டரி ஓபன் ஹவுஸ் விருந்துல பாஸ் தமிழ்ல பேசுனாரே, ஞாபகம் இருக்கா?

— இருக்கு. நான்தான் எழுதிக் குடுத்தேன்.

— அவரு ஒரு கையில மைக்கு, ஒரு கையில குத்துவிளக்கு ஏத்த மெழுகுவர்த்தி. அந்தக் காகிதத்த அவரு மூஞ்சிக்கு நேராப் புடிச்சிக்கிட்டு நின்னது யாரு தெரியுமா? நான்தான். பூராவும் ஏபிசி எழுத்து. "வணக்கம்" கூட ஏபிசிலதான் இருந்துச்சி.

— அது... வெளிய தெரியக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க.

— மனுசன் நல்லாப் பேசுவாரு. தமிழெழுத்து ஒன்னு தெரியாது அவருக்கு. பாக்டரிக்கே தெரியும் புள்ள. வங்காளப் பசங்களுக்குக் கூடத் தெரியும். நான் எழுதுன நாலுலயும் எங்கயாச்சும் ஐயான்னு இருக்கா? பாஸ்னு இருக்கா? "அன்னைக்கு வழுக்கின அதே எடம்"னு எழுதுனேனே, அன்னைக்கு வழுக்குனது அவரா?

— அக்கா...

— நீ அவரு ரூமுக்கு அடுத்த நாக்காலியில ஒக்காந்திருக்கறவ. எந்திரிச்சா ரெண்டு அடியில அவருகிட்டச் சொல்லிறலாம்.

— பாக்டரி குரூப்புல மலாய்லதான எழுதுவீங்க எப்பவும். மலாய்ல எழுதியிருந்தா, யாராவது அவருக்கு... தமிழ் டைப் பண்ண உங்களுக்கு வராதே. ஒத்த விரலால, ஒவ்வொரு எழுத்தாத் தேடி... ஏன் அக்கா தமிழ்ல எழுதுனீங்க?

— நீ படிக்கத்தான்.